மூன்று ஓக் மரங்களும் ஓர் ஓசோன் எச்சரிக்கையும்: மரம் விடும் வாயுவாலும் காற்று கெடுமா?

அட்லாண்டா_அப்பா (திங்கள், மாலை 6.40)

நண்பர்களே, ஒரு சந்தேகம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது அட்லாண்டாவுக்கு வடக்கே ஒரு புறநகர். போன புதன்கிழமை கைப்பேசியில் 'கோட் ஆரஞ்சு' எச்சரிக்கை வந்தது. ஓசோன் அளவு குழந்தைகளுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் ஆகாத அளவுக்கு ஏறப்போகிறது என்று அர்த்தம். பையனுக்குப் பத்து வயது, லேசாக வீசிங் உண்டு. நாலு மணிக் கால்பந்துப் பயிற்சியை ரத்து செய்துவிட்டார்கள். வெளியே எட்டிப் பார்த்தால் வானம் துடைத்து வைத்த மாதிரி நீலம். புகை இல்லை, தூசி இல்லை. எதற்காகப் பிள்ளையை உள்ளே அடைத்து வைத்திருக்கிறோம் என்று அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என் வேலியோரம் நிற்கும் மூன்று ஓக் மரங்களைக் காட்டி, எல்லாம் இதுகள் செய்கிற வேலைதான், வெட்டிவிடுங்கள் என்கிறார். அவருக்கு அந்த மரங்கள் மேல் ஏற்கெனவே கடுப்பு. இலை முழுக்க அவர் பக்கம்தான் விழும். சரி, கிண்டல் செய்கிறார் என்று விட்டுவிட்டேன். ராத்திரி தேடிப் பார்த்தால், ஓக் மரம் ஐசோப்ரீன் என்று ஏதோ ஒன்றை விடுகிறது, அது ஓசோன் உருவாக உதவுகிறது என்று நிஜமாகவே போட்டிருக்கிறார்கள்!

ஓசோன் நல்லது, அதில் ஓட்டை விழுந்தால்தான் கெடுதல் என்று பள்ளியில் படித்த தலைமுறை நான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மரம் வேண்டுமா, வேண்டாமா?

சும்மா_கேட்டேன் (திங்கள், இரவு 7.05)

மரத்தை வெட்டினால் காற்று சுத்தமாகும் என்கிற கண்டுபிடிப்புக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பொன்னாடை போர்த்துங்கள்.

இது புதுக்கதையும் இல்லை. 1980 தேர்தல் சமயத்தில் ரீகன் இதைத்தான் சொன்னார், காற்று மாசுக்குப் பெரும்பங்கு செடிகொடிகள் விடும் ஹைட்ரோகார்பன்தான் என்று. அப்போது ஒரு கல்லூரியில் மாணவர்கள் மரத்தில் அட்டை கட்டித் தொங்கவிட்டார்கள், 'நான் மறுபடி கொலை செய்வதற்குள் என்னை வெட்டிவிடுங்கள்' என்று. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அதே பாட்டா?

காற்று_பிடிப்பவன் (திங்கள், இரவு 9.20)

காற்று மாதிரி எடுப்பதுதான் பல வருடம் என் வேலையாக இருந்தது என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். கேலி செய்தவர்கள் பக்கமும் முழு நியாயம் இல்லை, ரீகன் பக்கமும் இல்லை.

முதலில் ஓட்டை விஷயம். உயரே 15, 20 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் ஓசோன் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். அதே வாயு மூக்கு மட்டத்தில் இருந்தால் நுரையீரலை எரிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கு நிறம் தெரியாது. அதனால் நீலவானத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், மேகமில்லாத வெயில் நாளில்தான் அது அதிகம் உருவாகும்.

எந்தக் காரும் எந்த மரமும் ஓசோனை நேரடியாக விடுவதில்லை. அது காற்றிலேயே சமைக்கப்படுகிறது. அதற்கு இரண்டு சரக்கு வேண்டும். ஒன்று நைட்ரஜன் ஆக்சைடுகள், நாங்கள் 'நாக்ஸ்' என்போம். எஞ்சினோ கொதிகலனோ, எங்கே சூடு மிக அதிகமோ அங்கே காற்றில் உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து அது பிறக்கும். இன்னொன்று ஆவியாகும் கரிமச் சேர்மங்கள், சுருக்கமாக விஓசி. பெட்ரோல் ஆவி, பெயிண்ட் தின்னர், சென்ட், ஆரஞ்சுத் தோல் வாசனை, பைன் மர வாசனை எல்லாம் இதில் அடக்கம்.

நைட்ரஜன் டை ஆக்சைடை வெயில் உடைக்கும். ஓர் ஆக்சிஜன் அணு தனியாகக் கழன்று பக்கத்து ஆக்சிஜன் மூலக்கூறோடு ஒட்டிக்கொண்டால் ஓசோன். ஆனால் மிச்சம் நிற்கும் நைட்ரிக் ஆக்சைடு அந்த ஓசோனையே பிடித்துத் தின்றுவிட்டு மறுபடி டை ஆக்சைடாகிவிடும். இடது கையில் கொடுத்து வலது கையில் வாங்குகிற கணக்கு, ஓசோன் சேராது. விஓசி உள்ளே வந்தால்தான் கணக்கு மாறும். விஓசியைக் காற்றில் இருக்கும் ஹைட்ராக்சில் என்கிற துடிப்பான மூலக்கூறுத் துணுக்கு தாக்கியதும் பெராக்சி என்று இன்னொரு துணுக்கு உண்டாகி, நைட்ரிக் ஆக்சைடுக்கு ஆக்சிஜனை அதுவே கொடுத்துவிடும். ஓசோனைத் தின்ன வேண்டிய அவசியம் போய்விட்டது. அப்புறம் மதியம் முழுக்க ஓசோன் குவியும், பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை உச்சம். உங்கள் பையனின் பயிற்சி நேரம் பாருங்கள், சரியாக அதற்குள் விழுகிறது.

இப்போது ஓக் மரம். ஓக், பாப்லர், யூகலிப்டஸ், ஸ்வீட்கம் எல்லாம் பகலில் வெயிலும் சூடும் ஏற ஏற ஐசோப்ரீன் விடும். சூட்டைத் தாங்க இலைக்கு அது உதவுகிறது. உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 50 கோடி டன். எல்லா வழியிலும் வெளியேறும் மீத்தேனுக்கு ஏறக்குறைய சமம். மனிதன் விடும் விஓசியெல்லாம் சேர்ந்தாலும் செடிகொடிகள் விடுவதற்குப் பக்கத்தில் வராது. ரீகன் சொன்னதில் பாதி உண்மை இங்கேதான் இருக்கிறது.

மீதிப் பாதிக்கு இட்லிமாவை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அரிசி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, உளுந்து ஓர் ஆழாக்குதான். எத்தனை இட்லி வரும் என்பதை எது முடிவு செய்யும்? அட்லாண்டாவைச் சுற்றிக் காடு. விஓசி என்கிற அரிசி அங்கே தட்டாமல் கிடைக்கும். மூன்று மரத்தை வெட்டினால் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்த மாதிரி. உளுந்து என்பது நாக்ஸ், அது வருவது நெடுஞ்சாலையிலிருந்தும் மின்நிலையத்திலிருந்தும்.

இதை எண்ணோடு காட்டியது 1988ல் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் சமைடிஸ் குழு. அதுவரை அமெரிக்காவில் ஓசோனைக் குறைக்க முக்கியமாக விஓசியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அட்லாண்டாவில் மனிதன் விடும் ஹைட்ரோகார்பனை முழுக்கத் துடைத்துவிட்டாலும் மரம் விடுவதே வரம்பை மீறப் போதும், நாக்ஸைப் பிடியுங்கள் என்று அந்தக் கட்டுரை சொன்னது. அதாவது மரத்தைக் கணக்கில் சேர்த்தபோது கிடைத்த விடை 'மரத்தை வெட்டு' இல்லை, 'காரையும் மின்நிலையத்தையும் கவனி'.

சும்மா_கேட்டேன் (திங்கள், இரவு 9.48)

உளுந்து அதிகமாகப் போட்டாலும் இட்லி சரியாக வராதே. அதற்கென்ன சொல்கிறீர்கள்?

காற்று_பிடிப்பவன் (திங்கள், இரவு 10.30)

கிண்டலாகக் கேட்டீர்கள், ஆனால் கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. நாக்ஸ் மிக அதிகமாக உள்ள நகர மையத்தில் நடப்பது அதுதான். ஹைட்ராக்சிலையெல்லாம் நாக்ஸே விழுங்கிவிடும், பிறக்கிற ஓசோனையும் தின்றுவிடும். அங்கே நாக்ஸைக் கொஞ்சம் குறைத்தால் ஓசோன் ஏறும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் இதை வாரக் கடைசி விளைவு என்பார்கள். சனி ஞாயிறுகளில் டீசல் லாரிகள் குறைவு, நாக்ஸ் குறைவு, ஆனால் ஓசோன் வார நாட்களைவிட அதிகம். நான் மாணவனாக இருந்தபோது ஒரு கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்து கூரை மேலேறி மாதிரி எடுத்திருக்கிறேன். கால்பந்து அளவு எஃகு உருண்டை, உள்ளே வெற்றிடம். வால்வைத் திறந்தால் 'உஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கும். சத்தம் நின்றால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். கீழே சாலை காலியாக இருக்கும், லாரியே இருக்காது. பிற்பகல் ஓசோன் கருவியைப் பார்த்தால் எண் வெள்ளிக்கிழமையைவிட மேலே நிற்கும். முதல் இரண்டு வாரம் கருவியைத்தான் சந்தேகப்பட்டேன்.

2020 ஊரடங்கிலும் இதே கதை. ஊகானிலும் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு மளமளவென்று இறங்கியது, ஓசோன் ஏறியது.

ஸ்பிரே_கன் (செவ்வாய், காலை 5.55)

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருபது வருஷத்துக்கு மேல லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம், கார் பெயிண்ட் அடிக்கிற வேலை. மரத்தைப் பற்றிக் கதைக்கிறீர்கள், பெயிண்டைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் சால்வென்ட் பெயிண்ட். ஒரு கதவு அடித்து முடிய, தின்னர் ஆவி தலைக்கு ஏறி, மத்தியானம் சாப்பாடு இறங்காது. 2008 வாக்கில் எங்கள் பகுதிக் காற்று வாரிய விதியால் நிறப்பூச்சுக்குத் தண்ணீரில் கரைகிற பெயிண்டுக்கு மாற வேண்டி வந்தது. எங்கள் கராஜில் பெரிய புலம்பல். காய நேரமெடுக்கும், காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும், வெள்ளி மெட்டாலிக் அடித்தால் திட்டுத் திட்டாக நிற்கும். முதல் மாதம் மூன்று காரைத் திரும்ப அடித்தோம். இப்ப பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால் பழையதைத் திரும்ப அடிக்கச் சொன்னால் நான் மாட்டேன், தலையிடி இல்லை.

எனக்கு விளங்காத ஒன்று இருக்கு. கன் கழுவ அசிட்டோன் பாவிக்கலாம் என்கிறார்கள். அசிட்டோன்தான் கூடுதலாக மணக்கும். மணம் குறைந்த வேறு சால்வென்ட்டுகளுக்குத் தடை. இது என்ன நியாயம்?

காற்று_பிடிப்பவன் (செவ்வாய், காலை 8.10)

அண்ணை, அருமையான கேள்வி. மூக்கு ஒரு மோசமான கருவி.

ஒரு பொருள் ஓசோனுக்கு எவ்வளவு உதவும் என்பது அது எவ்வளவு வேகமாக வினைபுரியும், வினைபுரிந்தபின் எத்தனை துணுக்கு விடும் என்பதைப் பொறுத்தது. அசிட்டோன் சோம்பேறி. ஹைட்ராக்சில் அதைத் தாக்குவதற்குள் காற்று அதை ஊரைவிட்டு எங்கோ கொண்டுபோய்விடும். அதனால் 1995ல் அமெரிக்க அரசு அதை விஓசி பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. ஈத்தேனும் அப்படித்தான், வாரக்கணக்கில் அலையும். பெயிண்ட் தின்னரில் இருக்கும் சைலீன் அப்படியில்லை, சில மணி நேரத்திலேயே வினை முடித்துவிடும். ஒரே எடைக்கு ஈத்தேனையும் சைலீனையும் வைத்துப் பார்த்தால், சைலீனால் உருவாகும் ஓசோன் ஏறக்குறைய முப்பது மடங்கு. ஐசோப்ரீனும் ஏறக்குறைய சைலீன் ரகம்.

அதனால்தான் இத்தனை டன் விஓசி, அத்தனை டன் விஓசி என்று செய்தியில் வரும்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். எந்த விஓசி என்று சொல்லாமல் டன் கணக்கு சொன்னால் பாதி விஷயம் காணாமல் போகிறது. ஹூஸ்டனில் 2000ல் விமானத்தில் கருவி வைத்துப் பறந்து பார்த்தார்கள். கப்பல் கால்வாய் ஓரத்துப் பெட்ரோகெமிக்கல் ஆலைகள் விடும் எத்திலீன், புரொப்பிலீன் அளவு ஆலைகளின் கணக்கேட்டில் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகம், சில இடங்களில் பத்து மடங்குக்கும் மேல். இரண்டும் அதிவேகச் சரக்கு. ஹூஸ்டனில் ஓசோன் திடீர் திடீரென்று எகிறியதற்கு அது பெரிய காரணம்.

வடசென்னை_வாசி (செவ்வாய், காலை 9.30)

அமெரிக்காவிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்களே, நம் ஊருக்கு வாருங்கள். பெட்ரோல் பங்க்கில் டேங்க் வாயருகே வெயிலில் காற்று நெளிவது கண்ணுக்கே தெரியும். மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் வரிசையில் நிற்கிறோம். இதெல்லாம் கணக்கில் வருகிறதா? அப்புறம் வீட்டு காஸ் சிலிண்டர்?

காற்று_பிடிப்பவன் (செவ்வாய், காலை 11.15)

நெளிவது பெட்ரோல் ஆவிதான். வண்டி ஓடும்போது மட்டும் விஓசி வருவதில்லை. வெயிலில் சும்மா நின்றாலே டேங்க் சூடாகி ஆவி கசியும், ஓடி நின்றபின் சூடான எஞ்சினிலிருந்தும் வரும். அமெரிக்காவில் கோடைக்கென்று ஆவியாவது குறைந்த பெட்ரோல் தனியாக விற்கிறார்கள். ஓசோன் எச்சரிக்கை நாளில் பெட்ரோலைச் சாயங்காலத்துக்கு மேல் போடுங்கள் என்பதும் இதனால்தான். ஆவி வெயிலைப் பார்க்காது, ராத்திரியில் காற்றோடு கலைந்துவிடும்.

சிலிண்டர் கேள்விக்கு மெக்சிகோ சிட்டி நல்ல உதாரணம். அங்கேயும் சமையலுக்கு எல்பிஜிதான். ஓசோன் ஓட்டைக்குக் காரணமான குளோரோஃப்ளூரோ கார்பன் ஆய்வுக்காக 1995ல் நோபல் வாங்கினாரே ஷெர்வுட் ரோலண்ட், அவரும் டொனால்ட் பிளேக்கும் அதே வருடம் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நகரக் காற்றை அளந்தால் புரொப்பேனும் பியூட்டேனும் கொட்டிக் கிடக்கிறது, வண்டிப்புகை என்று நினைத்ததில் பெரிய பங்கு எரியாமல் கசிந்த எல்பிஜி என்று. புரொப்பேன் மெதுவான சரக்குதான், ஆனால் அந்த எல்பிஜியில் கலந்திருந்த பியூட்டீன்கள் வேகமானவை. ரெகுலேட்டரும் குழாயும் கசிகிற வீடு லட்சக்கணக்கில் இருந்தால் அதுவே ஓர் ஆலைக்குச் சமம்.

சட்டம் என்று பார்த்தால் இந்தியாவின் 2009 காற்றுத் தரப்பட்டியலில் 12 மாசுகள் உண்டு. ஓசோனும் இருக்கிறது, பென்சீனும் இருக்கிறது. ஓசோனுக்கு எட்டு மணி நேர வரம்பு ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம், கிட்டத்தட்ட 51 பிபிபி (நூறு கோடியில் 51 பங்கு). அமெரிக்க வரம்பு 2015லிருந்து 70 பிபிபி. காகிதத்தில் நாம்தான் கறார்.

சும்மா_கேட்டேன் (செவ்வாய், காலை 11.32)

காகிதத்தில்.

சித்தியவான்_செம்பனை (செவ்வாய், மாலை 4.05)

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். அப்பாவும் தாத்தாவும் தோட்டத்தில் வேலை செய்தவர்கள், நான் வளர்ந்ததே செம்பனை நிரை நடுவில். மரம் விடும் வாயு என்றதும் ஞாபகம் வந்தது, செம்பனையும் ஐசோப்ரீன் விடும் என்று சபாவில் ஆராய்ச்சி செய்ததாகப் படித்தேன். அது உண்மையா? எங்கள் வீட்டைச் சுற்றி மைல் கணக்கில் அதைத் தவிர வேறு மரம் கிடையாது.

காற்று_பிடிப்பவன் (செவ்வாய், மாலை 5.20)

உண்மை. 2008ல் சபாவின் டனும் பள்ளத்தாக்கில் மழைக்காட்டு மேலேயும் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து மேலேயும் அளந்தார்கள். தோட்டம் விட்ட ஐசோப்ரீன் காட்டைவிடப் பல மடங்கு. ஆனாலும் இரண்டு இடத்திலும் ஓசோன் ஏறக்குறைய ஒரே மாதிரி, குறைவாகத்தான் இருந்தது. நாக்ஸ் இல்லையே! அரிசி மூட்டை இருக்கிறது, உளுந்து இல்லை. அதே தோட்டத்தில் உரம், லாரி, ஆலை என்று நாக்ஸ் ஏறி, வட அமெரிக்கக் கிராமப்புற அளவுக்கு வந்தால் ஓசோன் 100 பிபிபியை எட்டும் என்று கணக்கிட்டார்கள். ஆபத்து தோட்டத்தில் மட்டும் இல்லை, தோட்டத்தை ஒட்டி நெடுஞ்சாலையும் தொழிற்பேட்டையும் வளரும் இடத்தில்.

சித்தியவான்_செம்பனை (செவ்வாய், மாலை 5.41)

எங்கள் பக்கம் இப்போது அதுதான் நடக்கிறது. நன்றி ஐயா.

எண்ணும்_எழுத்தும் (செவ்வாய், இரவு 8.00)

அட்லாண்டா என்றதும் எல்லாரும் காட்டும் உதாரணம் ஒன்று உண்டு, 1996 ஒலிம்பிக்ஸ். நகர மையத்தில் கார்களைக் கட்டுப்படுத்திப் பேருந்து விட்டார்கள். காலை நெரிசல் நேரப் போக்குவரத்து 22.5 சதவீதம் குறைந்தது, ஓசோன் உச்சம் சுமார் 28 சதவீதம் குறைந்தது, குழந்தைகளின் ஆஸ்துமா அவசரச் சிகிச்சைகள் ஒரு காப்பீட்டுக் கணக்கின்படி 41.6 சதவீதம் குறைந்தன. 2001ல் வந்த ஆய்வு. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

காற்று_பிடிப்பவன் (செவ்வாய், இரவு 9.10)

இந்த ஆய்வை நானே பல வகுப்புகளில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். அப்புறம் 2010ல் இன்னொரு குழு அதே நாட்களைத் திரும்பத் தோண்டியது. அந்த இரண்டு வாரமும் அட்லாண்டாவில் மட்டும் இல்லை, ஒலிம்பிக்ஸே நடக்காத மற்ற தென்கிழக்கு நகரங்களிலும் ஓசோன் இறங்கியிருந்தது. அதாவது வானிலைக்கு அதில் பெரிய கை. மருத்துவமனை அவசரப் பிரிவுப் பதிவுகளை முந்தைய, பிந்தைய வருடங்களோடு ஒப்பிட்டபோது ஆஸ்துமா குறைந்ததும் உறுதியாகத் தெரியவில்லை. போக்குவரத்தைக் குறைப்பது வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. இந்த ஒரு சம்பவத்தை மட்டும் வைத்து நிரூபிக்க முடியாது, அவ்வளவுதான். நானும் இப்போதெல்லாம் இதைச் சொல்வதில்லை.

எண்ணும்_எழுத்தும் (செவ்வாய், இரவு 9.35)

இரண்டாவது ஆய்வு எனக்குத் தெரியாது. பத்து வருடமாகத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். சரி, விட்டுவிடுகிறேன்.

ஸ்பிரே_கன் (புதன், காலை 6.10)

தம்பி, லாஸ் ஏஞ்சல்ஸ்தானே இதெல்லாம் தொடங்கின இடம்? இங்க பழைய ஆட்கள் 1943ல் ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்று சனம் பயந்த கதை சொல்வார்கள்.

காற்று_பிடிப்பவன் (புதன், காலை 8.45)

அது நடந்த கதைதான். 1943 ஜூலையில் கண்ணை எரிக்கும் புகைமூட்டம் ஊரையே மூடிக்கொண்டது. போர்க்காலம், பயந்துவிட்டார்கள். செயற்கை ரப்பருக்கு பியூட்டாடையீன் தயாரித்த ஓர் ஆலை மேல் பழி போட்டு அதைத் தற்காலிகமாக மூடினார்கள், புகைமூட்டம் போகவில்லை.

விடையைக் கண்டுபிடித்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். கால்டெக் பல்கலைக்கழகத்தில் அன்னாசிப்பழத்தின் வாசனை எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர். பழ வாசனையைக் குளிர வைத்துச் சேகரிக்கிற அதே முறையில் ஊர்க் காற்றையும் பிடித்துப் பார்த்தார். பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்தால் ஓசோன் வரும் என்று 1950களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார். எண்ணெய்க் கம்பெனிகளின் பணத்தில் நடந்த ஆய்வுக்கூடம் ஒன்று அதை மறுத்தது, அதில் கடுப்பாகித்தான் மனிதர் முழுநேரமாக இதில் இறங்கினார் என்பார்கள். அப்போது ஓசோனை அளக்கச் சுலபமான வழி ரப்பர். வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டைக் காற்றில் வைத்து, விரிசல் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பார்கள்.

அங்கே கதை அதற்கப்புறம் மாறிவிட்டது. கார்கள் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றியெல்லாம் வைத்து வெகுவாகச் சுத்தமான பிறகு மிச்சம் யார் என்று பார்த்தால், பெயிண்ட், பசை, அச்சு மை, பூச்சிமருந்து, துப்புரவுத் திரவம், சென்ட், ஹேர்ஸ்பிரே. எடைக்கு எடை பார்த்தால் மக்கள் வாங்கும் எரிபொருள் இந்தச் சாமான்களைவிடச் சுமார் 15 மடங்கு. ஆனாலும் தொழில்மய நகரங்களில் பெட்ரோலிய மூலமுள்ள விஓசியில் ஏறக்குறைய பாதி இவற்றிலிருந்துதான் என்று 2018ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அளவுகளை வைத்துக் காட்டினார்கள். பெட்ரோலை டேங்கில் அடைத்து எரிக்கிறோம். சென்ட்டை ஆவியாகட்டும் என்றுதானே அடிக்கிறோம்!

கொலராடோவின் போல்டரில் இன்னும் வேடிக்கை. காலை நெரிசல் நேரத்தில் காற்றில் பென்சீனோடு கூடவே ஒரு சிலிக்கான் சேர்மமும் ஏறியது. கார் உதிரிப்பாகமோ என்று குழம்பினார்கள். கடைசியில் அது டியோடரண்டில் இருப்பது. எல்லோரும் குளித்து அடித்துக்கொண்டு காரில் ஏறுகிற நேரம் அது. மதியத்துக்குள் ஆவியாகித் தீர்ந்துவிடும். அதனால் ஓசோன் பெரிதாக வராது, ஆனால் மனிதர் மேலிருந்து என்னென்ன கிளம்புகிறது என்பதற்கு அது ஓர் அடையாளச் சீட்டு.

அட்லாண்டா_அப்பா (வியாழன், இரவு 8.20)

எல்லோருக்கும் நன்றி. இழையை முழுக்க இரண்டு தடவை படித்தேன். மரங்கள் நிற்கும்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. இன்று மாலை ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் முதுகில் பெட்ரோல் புளோயரை மாட்டிக்கொண்டு ஓக் இலைகளை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார். நீலப்புகை என் வீட்டுச் சமையலறை வரை வருகிறது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். அந்த மாதிரி ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டினால் 1,100 மைல் கார் ஓட்டிய அளவுக்குப் புகைமூட்டச் சரக்கு வெளியேறும் என்று கலிஃபோர்னியா காற்று வாரியம் சொல்லியிருக்கிறதாம், 2024லிருந்து அங்கே புதிதாக விற்கவும் கட்டுப்பாடு. இதைச் சொல்லி அவர் வாயை அடைத்துவிடலாமா?

காற்று_பிடிப்பவன் (வியாழன், இரவு 9.00)

சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நேர்மையாகப் பார்த்தால், அதிலிருந்து வருவதில் பெரும்பங்கு எரியாத பெட்ரோல், அதாவது விஓசி. உங்கள் ஊரில் அரிசிக்குப் பஞ்சமில்லை என்று நான்தானே சொன்னேன்? லாஸ் ஏஞ்சல்ஸில் அந்த புளோயர் ஓசோனுக்குக் குற்றவாளி. உங்கள் தெருவில் உங்கள் ஓக் மரங்களைப் போலவே அதுவும் ஓசோன் வழக்கில் ஏறக்குறைய நிரபராதி. அதை முதுகில் சுமந்து பென்சீனையும் கார்பன் மோனாக்சைடையும் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாரே, அதைச் சொல்லுங்கள். அது எந்த ஊரிலும் கெடுதல்.

பையனுக்கு: எச்சரிக்கை நாளில் பயிற்சியைக் காலை எட்டு மணிக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அப்போது ஓசோன் அடிமட்டத்தில் இருக்கும்.

சும்மா_கேட்டேன் (வெள்ளி, இரவு 7.15)

இவ்வளவு பேசிய பிறகு எனக்கும் ஆசை வந்துவிட்டது. இரண்டு ரப்பர்பேண்டை அட்டையில் இழுத்து மாட்டி, ஒன்றைக் கார் ஷெட்டுக்கு வெளியே நிழலிலும் இன்னொன்றை மூடிய ஜாம் பாட்டிலுக்குள்ளும் வைத்திருக்கிறேன். நானும் அட்லாண்டா பக்கம்தான், சொல்லவில்லையே. இரண்டு வாரம் கழித்து வருகிறேன்.

அட்லாண்டா_அப்பா (சனி, காலை 10.05)

கோச்சிடம் கேட்டேன், கோடை முடியும்வரை சனிக்கிழமை காலை எட்டு மணி என்று மாற்றிவிட்டார். இன்று முதல் நாள். பையன் இன்ஹேலரைத் தொடவில்லை. ஆனால் சீக்கிரம் எழுப்பியதற்கு என்னோடு பேசவும் இல்லை.

சும்மா_கேட்டேன் (இரண்டு வாரம் கழித்து, மாலை 6.50)

வெளியே வைத்ததில் இழுவைக்குக் குறுக்கே மயிரிழை மயிரிழையாக விரிசல். விரலால் தொட்டதும் அறுந்துவிட்டது. பாட்டிலுக்குள் இருந்தது வாங்கிய மாதிரியே இருக்கிறது. வெயில் படவில்லை, மழை படவில்லை, நிழல்தான். இந்த இரண்டு வாரத்தில் மூன்று நாள் கோட் ஆரஞ்சு.